களிமண் முற்றத்தில் செயற்கைப் புல் விரிக்க முன்னம்

கொழும்பில் செயற்கைப் புல் விரிக்க நினைக்கிற எல்லாரும் முதலில் விசாரிப்பது புல்லைப் பற்றித்தான். எத்தனை மில்லிமீற்றர் உயரம், எந்த நாட்டுச் சாமான், சதுர அடி என்ன விலை. என்னிடம் விசாரிப்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: உங்கள் முற்றத்தில் விழுகிற மழைத்தண்ணீர் எந்த வழியால் வெளியே போகிறது? அந்த இடத்தைக் கையை நீட்டிக் காட்ட முடியாவிட்டால் புல்லுக்கு முற்பணம் கட்ட வேண்டாம். களிமண் காணி என்றால் இதை இன்னும் அழுத்திச் சொல்வேன்.

எங்கள் வீடு பாமன்கடையில், வாய்க்காலுக்குக் கிட்ட ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது. பின்முற்றம் 20 அடிக்கு 15 அடி. மூன்று பக்கம் மதில், நாலாவது பக்கம் வீடு. சுற்றிவர மாடிக் கட்டடங்கள் எழும்பிய பிறகு மத்தியானத்தில் கொஞ்ச நேரம்தான் வெயில் படும். அந்த நிழலிலும் ஈரத்திலும் உண்மையான புல் பிடிக்காது. ஒவ்வொரு மழைக்காலமும் மண்ணில் பாசி படரும். அப்பா பின்னேரங்களில் கதிரையைப் போட்டுக் காற்று வாங்குகிற இடம் அது. எழுபது கடந்த மனிதர் அந்த வழுக்கலில் கால் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பிள்ளைகளுக்கும் விளையாட வேறு இடம் கிடையாது. செயற்கைப் புல் என்ற யோசனை இப்படித்தான் வந்தது.

எங்களை நிதானிக்க வைத்தது தங்கச்சி வீடு. அவள் இருப்பது நுகேகொடைப் பக்கம், முன்பு வயலாக இருந்து நிரவப்பட்ட காணி. ஒரு நிறுவனம் வந்து மேல்மண்ணைச் செதுக்கி, குவாரி டஸ்ட்டை, அதாவது கல் உடைக்கும்போது வருகிற தூளை, கொட்டித் தட்டி, அதன் மேல் புல்லை விரித்துக் கொடுத்துவிட்டுப் போனது. ஒரு நாளில் வேலை முடிந்தது, பார்க்கவும் வடிவாகத்தான் இருந்தது. ஒக்டோபர் மழை தொடங்கியதும் கால் வைக்கிற இடமெல்லாம் தண்ணீர் பீறிட்டது. மழை விட்டு மூன்று நான்கு நாள் கழித்தும் அதே நிலை. அதற்குப் பிறகு நாற்றம் வந்தது. மூலையைத் தூக்கிப் பார்த்தோம். குவாரி டஸ்ட் சாம்பல் நிறக் கூழாகிக் கிடந்தது. புல்லின் முதுகில் இருக்கிற துளைகளுக்குள்ளால் களி மேலே பிதுங்கியிருந்தது. நிறுவனத்தைக் கேட்டால், "புல்லில ஓட்டை இருக்குத்தானே மிஸ், தண்ணி இறங்கும்" என்றார்கள். ஓட்டை இருந்தது உண்மைதான், தண்ணீரும் இறங்கியது. இறங்கிய தண்ணீர் அங்கிருந்து எங்கே போவது என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை.

கொழும்பு முழுக்க ஒரே மண் இல்லை. வெள்ளவத்தையிலேயே காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் மணல், அங்கே வாளி வாளியாக ஊற்றினாலும் உறிஞ்சிவிடும். மேட்டு நிலங்களில் சிவப்புக் கபூக் மண், அதிலும் ஓரளவு தண்ணீர் இறங்கும். வாய்க்கால்களை ஒட்டிய தாழ்வான காணிகளில்தான் பிரச்சினை. பாமன்கடை, கிருலப்பனை, நுகேகொடை, இராஜகிரிய, கொலன்னாவை என்று நீளும் அந்தப் பகுதிகளில் பல இடங்கள் ஒரு காலத்தில் சதுப்பாகவும் வயலாகவும் கிடந்து பிறகு மண் போட்டு நிரவப்பட்டவை. மிஞ்சியிருக்கும் சதுப்பு நிலங்களுக்காக 2018 இல் கொழும்புக்கு ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. நிரவின காணியில் வீடு கட்டி இருக்கிற நாங்கள், எங்கள் காலுக்குக் கீழே பழைய சதுப்பின் களி அப்படியே இருக்கிறது என்பதை நினைவில் வைத்துத்தான் எந்த வேலையையும் தொடங்க வேண்டும்.

மண்ணைச் சோதிக்கப் பெரிய செலவில்லை. ஈர மண்ணைக் கொஞ்சம் எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் இடையில் வைத்து நாடா மாதிரித் தள்ளிப் பாருங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் முறியாமல் வந்தால் அது நல்ல களி. அடுத்தது குழிச் சோதனை. ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, நிறையத் தண்ணீர் விட்டு ஒரு இரவு ஊற விடுங்கள். மறுநாள் திரும்ப நிரப்பி, அடிமட்டத்தை நட்டு, ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு அங்குலம் இறங்கினால் பரவாயில்லை. அரை அங்குலத்துக்குக் குறைந்தால் அந்த மண்ணை நம்ப முடியாது. எங்கள் குழியில் கால் அங்குலம்கூட இறங்கவில்லை.

குழியின் சுவரையும் உன்னிப்பாகப் பாருங்கள், அதில் நிறைய விஷயம் எழுதியிருக்கிறது. எங்கள் முற்றத்தில் மேலே நாலைந்து அங்குலம் செம்மண்ணும் உடைந்த ஓட்டுத் துண்டும். அதற்குக் கீழே களி தொடங்குகிறது. முதலில் பழுப்பு, பிறகு சாம்பலும் துரு நிறப் புள்ளிகளும் கலந்த பகுதி, அதற்கும் கீழே புள்ளியே இல்லாத நீலச் சாம்பல். மண்வெட்டி பட்ட இடம் எண்ணெய் பூசியது போலப் பளபளத்தது, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் சேற்று மணம். மண்ணில் இருக்கிற இரும்பு காற்றுப் பட்டால் துரு நிறமாகும், காற்றில்லாமல் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தால் சாம்பலாகும். ஆகவே துருப் புள்ளிகள் உள்ள பகுதி, தண்ணீர் ஏறி இறங்குகிற பகுதி. முழுச் சாம்பல் தொடங்குகிற மட்டம், பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிற மட்டம். வறண்ட மாசியில் வெட்டினாலும் ஐப்பசியில் தண்ணீர் எதுவரைக்கும் ஏறும் என்பதை அந்த நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

"ஒரு பெரிய உறிஞ்சு குழி வெட்டிக் கல்லை நிரப்பினால் சரி" என்று கன பேர் சொல்வார்கள். மணல் பக்கத்தில் அது சரி. எங்கள் பக்கத்தில் அந்தக் குழி நிலத்தடித் தண்ணீராலேயே நிரம்பிக் கிடக்கும், மழைத்தண்ணீருக்கு அதில் இடம் இராது. மணலைக் களியோடு கலந்து வெட்டிவிடுகிற யோசனையையும் விட்டுவிடுங்கள். கொஞ்ச மணல் கலந்த களி காய்ந்தால் இன்னும் இறுகித்தான் போகும்.

களிமண் முற்றத்தில் கல் போடுவது பற்றி எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது, கல் தண்ணீரை வடித்துவிடும் என்று. கணக்கைப் பாருங்கள். 300 சதுர அடிக்கு 4 அங்குலம் கல் போட்டால் 100 கன அடி, அதாவது சரியாக ஒரு கியூப். ஒரே அளவான கற்களுக்கு இடையே இருக்கிற வெற்றிடம் ஏறத்தாழ 40 சதவீதம். அதற்குள் பிடிக்கிற தண்ணீர் 1,100 லீற்றர் சொச்சம். 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்த முற்றத்தில் நேரே விழுவதே கிட்டத்தட்ட 1,400 லீற்றர். களிமண் ஒரு மணித்தியாலத்துக்கு உறிஞ்சுவது பொதுவாக 1 முதல் 5 மில்லிமீற்றர்தான். ஆகவே கல் நிரம்பி வழியும், புல் மிதக்கும். களியை வெட்டிக் கல்லை நிரப்பிவிட்டு வெளியேற வழி விடாவிட்டால் நீங்கள் செய்திருப்பது ஒரு பெரிய சட்டி. சட்டிக்குள் கல் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, தண்ணீர் நிற்கத்தான் செய்யும்.

கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. மே மாதமும் ஒக்டோபர் மாதமும் சராசரியாகத் தலைக்கு 300 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும். வளிமண்டலவியல் திணைக்களம் 100 மில்லிமீற்றருக்கு மேல் பலத்த மழை என்று அறிவிக்கிற நாட்கள் எங்களுக்குப் புதிதில்லை. ஆகவே 50 மில்லிமீற்றர் என்று நான் போட்ட கணக்கு குறைவான கணக்கு.

இனிக் கூரை. முற்றத்துத் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கூரைத் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். எங்கள் கூரை 1,000 சதுர அடி அளவு, முழுவதும் பின்பக்கப் பீலிக்கு வடிகிறது. அதே 50 மில்லிமீற்றர் மழைக்கு அந்தப் பீலியால் இறங்குவது 4,600 லீற்றர், முற்றத்தில் நேரே விழுவதைப்போல மூன்று மடங்குக்கு மேல். இவ்வளவும் ஒரே மூலையில், குழாய் வாயால் மண்ணில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆகவே முற்றத்தைத் தொட முன்னமே பீலிக் குழாயைத் துளையில்லாத 110 மில்லிமீற்றர் பிவிசி குழாயோடு பொருத்தி, நேரே ஒழுங்கைக் கானுக்குக் கொண்டுபோனோம். இந்த ஒரு வேலையோடு முற்றத்தின் பாதிச் சேறு குறைந்தது. கையில் காசு மட்டு என்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள். ஒரு விஷயத்தில் கவனம்: கூரைக் குழாயை முற்றத்துக்குள் போடுகிற துளைக் குழாயோடு சேர்க்கவே கூடாது. சேர்த்தால் பெருமழைக்குக் கூரைத் தண்ணீர் அந்தத் துளைகளால் முற்றத்துக்குள்ளேயே திரும்பப் பாயும்.

வெளியேறுகிற இடத்தின் மட்டம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கிற டியூப்பை வைத்து, மேசன் தம்பி ஒரு முனையிலும் நான் மறுமுனையிலும் நின்று முற்றத்தின் பின்மூலையிலிருந்து ஒழுங்கைக் கான்வரை அளந்தோம். கானின் அடி, முற்றத்தின் பின்பக்க மட்டத்தைவிட 26 அங்குலம் தாழ்வு. குழாய் போக வேண்டிய தூரம் 75 அடி: பின்மதிலோரம் 20, பக்க மதிலோரம் 15, வீட்டுப் பக்கத்து ஒடுக்கமான பாதையில் 40. 100 அடிக்கு 1 அடி சரிவு என்று வைத்தால் 75 அடிக்கு 9 அங்குலம். குழாயின் அடி 12 அங்குல ஆழத்தில் தொடங்கினால் கானில் 21 அங்குலத்தில் வந்து சேரும், மிச்சம் 5 அங்குலம். எங்களுக்குச் சரிவந்தது.

எல்லாருக்கும் இது சரிவராது. பழைய ஒழுங்கைகளில் வீதிக்குத் திரும்பத் திரும்பத் தார் போட்டு, இன்று வீதி உயரத்திலும் வளவு பள்ளத்திலும் இருக்கிற வீடுகள் எத்தனையோ. அப்படிப்பட்ட வீட்டில் என்ன குழாய் போட்டாலும் தண்ணீர் மேலே ஏறாது. முற்றத்தை மண் போட்டு உயர்த்த வேண்டும், அல்லது மூடிய தொட்டி ஒன்று வைத்து மோட்டரால் இறைக்க வேண்டும். இரண்டும் முடியாதென்றால் புல் விரிக்கிற எண்ணத்தை விடுவதே நல்லது. கல் பதித்த நடைபாதையும் சாடிச் செடிகளும் அந்த இடத்துக்குப் போதும்.

கானில் குழாயைத் திறக்க முன்னம் மாநகர சபையின் பொறியியல் பிரிவில் கேளுங்கள், நீங்களாகக் கானின் சுவரை உடைக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கிறதே என்று மலக்கழிவுக் குழாயின் மேன்ஹோலுக்குள் மழைத்தண்ணீரை விடவே விடாதீர்கள். பெருமழைக்கு அது நிரம்பித் திரும்பி யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறைக்குள் வரும், அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம். அயல் வளவுப் பக்கம் தள்ளிவிடுவதும் அதே மாதிரித்தான். எங்கள் பின்மதிலில் அயல்வீட்டுத் தண்ணீர் எங்கள் பக்கம் வருகிற ஓட்டை ஒன்று இருந்தது. அந்த வீட்டு ஆன்ரியோடு இருந்து கதைத்து, அவர்கள் தங்கள் பக்கத்தில் ஒரு சிறு கான் போட்ட பிறகுதான் அதை அடைத்தோம். கதைக்காமல் அடைத்திருந்தால் மதிலே சரிந்திருக்கலாம். மதிலுக்குப் பின்னால் தண்ணீர் தேங்குவது அவ்வளவு ஆபத்து.

வேலைக்கு ஏற்ற காலம் தை, மாசி. கொழும்பில் மழை மிகக் குறைந்த மாதங்கள் அவை. ஈரக் களியை வெட்டினால் மண்வெட்டி அதன் முகத்தை மெழுகிவிடும், கொஞ்ச நஞ்சம் கசிகிற கண்களும் அடைபட்டுவிடும். வேலையாட்கள் அதற்கு மேல் நடந்தால் இன்னும் இறுகும். காயவிட்டு வெட்டுங்கள். வெட்டிய பக்கங்களை முள்வாரியால் கீறிவிடுங்கள். வெட்டிய மண்ணைக் குவிக்கும்போது அளவு கூடும் என்பதையும் கணக்கில் எடுங்கள், ஒரு கியூப் வெட்டினால் குவியல் ஒன்றே கால் கியூப்பாவது வரும். எங்கள் ஒழுங்கைக்குள் டிப்பர் வராது. வெட்டியதெல்லாம் உரப்பையில் கட்டி வீதிவரை தோளில் போனது, கல்லும் அப்படியே உள்ளே வந்தது. கூலியில் பெரும்பங்கு இந்தச் சுமைக்குத்தான். இதை முதலிலேயே பேசி முடியுங்கள். அந்தக் களியை வாய்க்கால் கரையில் கொட்ட எவரையும் விடாதீர்கள், அது அடுத்த மழைக்கு வாய்க்காலை அடைத்து உங்கள் வீட்டுக்கே வெள்ளத்தைத் திருப்பும்.

மேசன் தம்பி ஹற்றன் பக்கத்துப் பிள்ளை, கைவேலை சுத்தம். குவாரி டஸ்ட் விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது.

"அக்கா, டஸ்ட் போட்டாத்தான் இறுகி நிக்கும். சும்மா கல்லு போட்டா அசையும்."

"இறுகிறதுதான் தம்பி எனக்குப் பயம். தங்கச்சி வீட்டில நான் பார்த்தனான்."

வாதாடிக்கொண்டிருக்காமல் இரண்டு பழைய பெயின்ற் வாளிகளின் அடியில் ஓட்டை போட்டோம். ஒன்றில் குவாரி டஸ்ட்டைப் போட்டு நன்றாக இடித்தோம். மற்றதில் தூசு அலசிய கால் அங்குலச் சல்லியை, அதாவது சிப்ஸை, போட்டு அதையும் இடித்தோம். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீரை ஊற்றினோம். சல்லியில் ஊற்றியது ஊற்றிய கையோடு கீழே ஓடியது. டஸ்ட் வாளியில் தண்ணீர் மேலே குளமாக நின்றது, அடியில் சாம்பல் நிறச் சொட்டு ஒவ்வொன்றாக விழுந்தது. தம்பி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "சரி அக்கா, சிப்ஸே போடுவோம். ஆனா ரெண்டு தரம் இடிக்கணும்" என்றான். அவன் சொன்னதும் சரிதான். நடைபாதைக் கல் பதிக்கக் குவாரி டஸ்ட் அருமையான சாமான். தண்ணீர் கீழே இறங்கி ஓட வேண்டிய இடத்தில்தான் அது ஆகாது. வீதி வேலைக்குப் போடுகிற ஏபிசி கலவையும் அப்படியே, அது தூசும் கல்லும் சேர்ந்து இறுகுவதற்கென்றே செய்த கலவை.

சரிவைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மேலே புல்லுக்குச் சரிவு வைத்துவிட்டு அடியில் களியை மேடும் பள்ளமுமாக விட்டுவிடுகிறார்கள். புல்லுக்கூடாக, கல்லுக்கூடாக இறங்கிய தண்ணீர் ஓடப்போவது களியின் முகத்தில்தான். ஆகவே சரிவு முதலில் அங்கே இருக்க வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து பின்மதிலை நோக்கி 15 அடிக்கு இரண்டே முக்கால் அங்குலம் தாழ்வு வைத்தோம். நூல் கட்டி, நீளமான பலகையை வைத்துப் பார்த்து, பள்ளம் தெரிந்த இடத்தையெல்லாம் சீவி, திமிசுக்கட்டையால் மெதுவாகத் தட்டினோம். இந்த வேலைக்கு அவசரப்படுத்தவே கூடாது. பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் இந்தச் சரிவு கண்ணுக்கே தெரியாது, பந்தும் தானாக உருளாது.

பின்மதிலுக்கு இரண்டடி தள்ளி, ஓரடி அகலத்தில் குழாய்க் கான் வெட்டினோம். மதிலின் அத்திவாரத்தை ஒட்டி வெட்ட வேண்டாம். கானுக்குள் முதலில் ஜியோடெக்ஸ்டைல், அதாவது தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கிற துணி, இரண்டு பக்கமும் மேலே மடித்து மூடுகிற அளவுக்கு அகலமாக. துணியின் மேல் இரண்டு அங்குலம் முக்கால் இஞ்சிச் சல்லி, அதன் மேல் துளை போட்ட 110 மில்லிமீற்றர் குழாய், சுற்றிவரச் சல்லி, கடைசியில் துணியை மடித்து மூடினோம். துளைகள் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். தண்ணீர் கானின் அடியிலிருந்து ஏறி வரும்போதே குழாய்க்குள் புகுந்துவிடும் என்பது காரணம். களிமண்ணில் துணியைக் குழாயில் நேரே சுற்றினால் சீக்கிரம் அடைத்துப்போகும். கல்லைச் சுற்றிப் போட்டால் தண்ணீர் புகும் பரப்பு பெரிது, அடைக்கக் காலம் எடுக்கும். மூலையில் குழாய் திரும்புகிற இடத்தில் ஒரே முழங்கை வளைவு போடாமல் இரண்டு 45 பாகை வளைவுகள் போட்டோம். அதே இடத்தில் மேல்நோக்கி மூடியோடு ஒரு குழாய்த் துண்டு, பிறகு ஹோஸை விட்டுக் கழுவுவதற்கு. வீட்டுப் பக்கத்துப் பாதையில் துளைக் குழாய் வேண்டாம், சாதாரணக் குழாய் போதும். வீட்டு அத்திவாரத்தடியில் தண்ணீரை ஊற விடக்கூடாது.

முற்றம் முழுவதும் களிக்கு மேலும் அதே துணியை விரித்தோம், ஓரங்கள் ஓரடி ஒன்றன்மேல் ஒன்று படும்படி. இது இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்கக் கல் களிக்குள் புதையும், களி கல்லுக்குள் ஏறும். தங்கச்சி வீட்டில் பிதுங்கியதும் அதுதான். துணிக்கு மேல் மூன்று அங்குலம் முக்கால் இஞ்சிச் சல்லி, அதற்கு மேல் ஒரு அங்குலம் அலசிய சிப்ஸ். தம்பி சொன்னபடி இரண்டு தரம் இடித்தோம். களி நனைந்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். அந்த அசைவு மேலே புல்லில் சுருக்கமாகத் தெரியாமல் காப்பதும் இந்தக் கல் படுக்கைதான். ஓரத்தில் புல்லை இறுக்கக் கொங்கிறீட் கட்டுவதென்றால் தாழ்ந்த பக்கத்தில் கட்டுக்கு அடியில் வழி விடுங்கள். சிலர் நாலு பக்கமும் கட்டி, செய்த வேலை எல்லாவற்றையும் தாங்களே அடைத்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டு ஆலோசனைகளை அப்படியே பின்பற்ற முடியாத இடம் ஒன்று இருக்கிறது. குழாய் வழியில், மண் அடைவதற்கென்று அடியில் கொஞ்சம் பள்ளம் விட்டு, அதில் எப்போதும் தண்ணீர் நிற்கிற மாதிரித் தொட்டிகள் வைக்கச் சொல்வார்கள். கொழும்பில் அது டெங்கு நுளம்புக்கு வீடு கட்டிக் கொடுப்பது. முட்டை, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, நுளம்பாகப் பறக்க ஒரு கிழமை பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி இருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். 2017 இல் நாடு முழுவதும் 186,000 இற்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. நுளம்பு பெருகும் இடத்தை வளவில் வைத்திருந்தால் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வழக்கும் வரும். ஆகவே குழாய் வழியில் நாங்கள் வைத்த தொட்டியின் அடியைக் குழாயின் அடியோடு ஒரே மட்டமாக வைத்துச் சரிவாகப் பூசினோம், ஒரு கோப்பைத் தண்ணீர்கூட நிற்காது. இலை குப்பைக்குத் தூக்கி எடுக்கக்கூடிய வலைக்கூடை, மேலே நெருக்கமான கம்பிவலை. ஒழுங்கைக் கானில் குழாய் திறக்கிற வாயில் ஒருவழி மூடி ஒன்று. கான் நிரம்பினால் தண்ணீர் திரும்பி வராது, எலியும் கரப்பானும் ஏறாது.

எல்லாம் முடிந்த பிறகும் புல்லை விரிக்கவில்லை. தம்பிக்கு இது விளங்கவில்லை, வேலையை முடித்துக் கணக்கைத் தீர்க்கத்தானே அவனும் பார்ப்பான். அவனுடைய கூலியை முழுவதும் கொடுத்துவிட்டு, வெறும் கல் படுக்கையோடு முற்றத்தை விட்டோம். முதலில் ஹோஸைத் திறந்து வீட்டுச் சுவரோரம் விட்டுப் பார்த்தோம், ஒழுங்கைக் கானில் தண்ணீர் வந்தது. அது போதாது. ஏப்ரல் பின்னேர இடிமழை ஒன்று கொட்டும்வரை பொறுத்திருந்து, குடையோடு போய் முற்றத்தையும் கானையும் மாறி மாறிப் பார்த்தேன். பக்க மதிலோரம் ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் கொஞ்சம் நின்று போனது. அங்கே கல்லை விலக்கி, அடியில் களியைச் சீவி, திரும்ப நிரப்பினோம். கல் மட்டும் இருக்கும்போது இது ஒரு காலைநேர வேலை. புல் ஒட்டி, ஆணி அடித்து, சிலிக்கா மணல் தூவிய பிறகென்றால் எல்லாவற்றையும் கிழித்தெடுக்க வேண்டும். ஆகவே புல்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், ஒரு பெருமழையைக் கல் படுக்கையில் பார்த்த பிறகே அவரை உள்ளே விடுங்கள்.

புல் வாங்கும்போது முதுகைத் திருப்பித் துளைகளைப் பாருங்கள், கடையிலேயே ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். வெயில் நேரே விழுகிற முற்றமென்றால் மத்தியானத்தில் செயற்கைப் புல் வெறுங்காலால் மிதிக்க முடியாத சூடாகும், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் நிழலுக்கு முதலில் வழி பாருங்கள். நாய் வளர்க்கிறவர்களுக்கு வடிகால் இன்னும் முக்கியம், மூத்திரம் கழுவப்பட்டு வெளியே போகாவிட்டால் நாற்றத்தை எதுவும் போக்காது.

மே மழைக்கு முன்னும் ஒக்டோபர் மழைக்கு முன்னும் மூலையில் இருக்கிற மூடியைத் திறந்து ஹோஸை விட்டுக் கழுவுகிறோம். கானின் வாயில் முதலில் கலங்கலாக வந்து பிறகு தெளிய வேண்டும். வருகிற தண்ணீர் மெலிந்திருந்தால் வேர் புகுந்திருக்கலாம். அயல்வீட்டு ஜம்பு மரம் எங்கள் மதிலுக்குக் கிட்ட நிற்கிறபடியால் அதில் ஒரு கண் வைத்திருக்கிறேன். வலைக்கூடையைக் கிழமைக்கொருமுறை அப்பா தட்டுகிறார். ஒழுங்கைக் கானில் பொலித்தீன் அடைத்தால் எங்கள் குழாயும் அடைந்தது மாதிரித்தான். அதனால் எங்கள் வாசலோடு நிற்காமல் அடுத்த இரண்டு வீட்டு வாசல்வரைக்கும் கானைத் துப்பரவாக்கிவிடுகிறோம்.